சாவிக்கு முந்தைய சுரம்

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சட்டென்று வாயை மூடிக்கொண்டது. அதைத் தொடர்ந்து கதவின் மேல்தாழ்ப்பாள் விழும் சத்தம். அவன் கிளாரினெட்டை உதட்டிலிருந்து எடுத்து மடியில் கிடத்திக்கொண்டு சுவரைப் பார்த்தான். மாலை ஆறேகால். தாழ்ப்பாள் போடுகிற நேரமல்ல. அந்த வீட்டு அக்கா படுக்கப் போகும்வரை கதவைத் திறந்தே போட்டிருப்பாள். படியேறி வருகிறவர்களை நிறுத்தி நாலு வார்த்தை பேசாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

அவன் டீச்சர் கொடுத்த பாடத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். மூன்று சுரம், ஏறி இறங்க வேண்டும், இருபது தடவை. பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ எண்ணிக்கை நழுவியது. மனம் எங்கோ போயிருந்தபோது விரல்கள் தம் பாட்டுக்கு மேலே ஏறத் தொடங்கிவிட்டன. அடியிலிருந்து ஒவ்வொன்றாக, நடுவில் ஓரிடத்தில் தயங்கி, ஒன்று பின்வாங்கி, மறுபடி ஏறி, ஏழாவது சுரத்தில் போய் நின்றன. அப்படி ஒரு மெட்டு தனக்குத் தெரியும் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ கைகளை நீட்டி, அவன் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து அழுத்தியதுபோல இருந்தது. அறுபத்தோரு நாளாக ஒரு தம்ளர் தண்ணீரைத் தூக்கினாலும் நடுங்குகிற விரல்கள் அந்த ஏழு சுரத்துக்கு மட்டும் நடுங்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். இதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவன் பிழைப்பு காதில் இருந்தது. பெட்டி மேலே ஏறும்போது எந்த உருளை முனகுகிறது, எந்த மாடிக் கதவு அரை நொடி தாமதிக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பிடித்துவிடுவான். ஆகவே இதையும் ஒரு பழுதைப்போலவே எடுத்துக்கொண்டான். மறுநாள் அதே நேரத்துக்கு ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். முதலில் பாடத்தை மட்டும் பத்து நிமிடம் வாசித்தான். பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ தொலைக்காட்சியில் சபித்துக்கொண்டே இருந்தார்கள். தரைத்தளத்து டெய்லரின் மிஷின் விட்டுவிட்டு ஓடியது. மூன்றாவது மாடியில் ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்லியது. பிறகு அந்த ஏழு சுரத்தை வாசித்தான்.

தாழ்ப்பாள் விழுந்தது. வாய்ப்பாடு ஆறெட்டில் நின்றது. மிஷின் நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது டெய்லரின் கடை ஷட்டர் பாதிக்கு இறங்கி, அதன் கீழே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் அசையாமல் தெரிந்தன.

பாடத்துக்குத் திரும்பினான். ஐந்து நிமிடம் கழித்து ஷட்டர் ஏறியது, மிஷின் ஓடியது, குழந்தை ஆறெட்டிலிருந்தே தொடர்ந்தது. கேட்கச் சகிக்கவில்லை என்றால் யாராவது வந்து திட்டலாம். பாடத்தின் நடுவே வாத்தியம் கீச்சிட்டபோதெல்லாம் கீழேயிருந்து "அந்தப் பூனைய விட்டுடுப்பா, பாவம்" என்று குரல் கொடுத்தவர்தான் அந்த டெய்லர். இதற்கு மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். அதுதான் அவனை என்னவோ செய்தது.

அடுத்த நாள் காலை படியில் அக்காவைப் பார்த்தான். அவள் சங்கிலியை மாட்டியபடியே கதவை ஒரு சாண் திறந்து, முதலில் அவன் கைகளைப் பார்த்தாள், பிறகு கண்களை.

"நேத்து சத்தம் தொந்தரவா இருந்துச்சாக்கா?"

"சத்தத்துக்கென்ன, வாசி. நீ நல்லாத்தான தம்பி இருக்க?"

"நல்லா இருக்கேன்கா. அறுபத்திமூணு நாளாச்சு."

"அப்படியா. சரி, சரி." கதவு மூடியது. தாழ்ப்பாள் விழவில்லை. அவன் இரண்டாவது மாடி இறங்கும்வரை அதற்காகக் காது கொடுத்துக்கொண்டே போனான்.

கிளாரினெட் அவன் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்து வெளியே வந்தபோது ஆலோசகர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நாள் முழுக்க யாரும் குடிக்காம இருக்க முடியாது சார். சாயங்காலம் ஆறுலேருந்து ஏழு, அந்த ஒரு மணி நேரத்த மட்டும் தாண்டுங்க. கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேலை குடுங்க." சைக்கிள் கடைக்கு மேலே வாத்தியங்களைப் பழுது பார்த்து, பாடமும் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். அந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிபார்க்கப் போனபோது அவள் கதவு திறந்திருந்தது. மேசைமேல் ஐந்து துண்டாகக் கழற்றி வைத்திருந்த கறுப்பு மரக்குழலைப் பார்த்து, "இது எந்த மிஷினோட பார்ட்டு?" என்று கேட்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். இருந்தாலும் அன்றிலிருந்து அவனுக்கு டீச்சர். ஆறு மணிக்கு, வாய்த்துண்டில் பொருத்துகிற நாணல் பட்டையை நாக்கில் வைத்து ஊற வைப்பான். காய்ந்த மரத்தின் துவர்ப்பு எச்சிலில் இறங்கும். அதற்கு முன் அந்த நேரத்தில் அவன் நாக்கில் இறங்கியது வேறு. ஊதத் தொடங்கினால் பேச முடியாது, குடிக்க முடியாது, யாரையும் திட்டவும் முடியாது. ஏழு மணி ஆகிவிடும்.

மனைவியும் ஒன்பது வயது மகளும் அவன் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பிருந்தே மச்சான் வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மச்சான் மேலே வரமாட்டான். கீழே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். இந்த வாரம் மனைவி தொலைபேசியில், "இந்த ஞாயித்துக்கிழமை பையோட வர்றோம். பாப்பாதான் கேட்டா. பார்ப்போம்" என்றாள். அந்தப் பார்ப்போம் என்ற சொல்லை அவன் நான்கு நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். தங்கினால் தங்குவார்கள். இல்லையென்றால் அந்தப் பை இன்னொரு தடவை இந்தப் படியேறி வராது என்று அவனுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை வகுப்பில் அந்த மெட்டை வாசித்துக் காட்டினான்.

"சார், இது நான் குடுத்ததில்லையே?"

"ஆமா டீச்சர். தானா வருது."

"தானா வர்றதுக்கு இதென்ன கொட்டாவியா?" என்றாள். பிறகு இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா முடியல. யாரோ படியேறி வந்து கடைசிப் படியில நின்னுட்டு, உள்ள வராம இருக்கற மாதிரி இருக்கு. அடுத்த சுரம் எங்க?"

அடுத்த சுரம் அவனுக்கு வராது. அங்கேதான் பாலம் இருந்தது. டீச்சர் வைத்த பெயர். அந்த ஏழாவது சுரத்துக்கு ஒரே ஒரு விரலைத் தவிர மற்ற எல்லா விரல்களும் காற்றில் தூக்கியிருக்கும். அதற்கு மேலே ஒரு படி ஏற வேண்டுமென்றால், தூக்கிய விரல்கள் அத்தனையும் ஒரே நொடியில் இறங்கித் துளைகளை இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும். ஒன்று மயிரிழை விலகினாலும் வாத்தியம் அலறும். நடுங்குகிற கைக்கு அது நடக்கிற காரியமில்லை. முயன்றான், அலறியது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு, "அவசரமில்ல சார். பாலம் எங்கயும் ஓடிப்போகாது" என்றாள்.

கிளம்பும்போது கேட்டான். வாய்த்துண்டின் மேல்புறத்தில் பழைய பல்தடங்கள் இரண்டு பதிந்திருந்தன. முதல் நாளே அவன் முன்பற்கள் அச்சில் வார்த்ததுபோல அவற்றில் போய் உட்கார்ந்தன. "இத முன்னாடி வச்சிருந்தவர்... செத்துட்டாரா டீச்சர்?"

"ஐயோ சார், அவங்க ஒரு பேங்க் மேனேஜர். குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. முட்டி வலின்னு விட்டுட்டாங்க. ஃபோன் நம்பர் வேணுமா?"

வேண்டாம் என்றான். செத்துப்போன யாரோ ஒருவர் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று படியிறங்கும்போது தோன்றியது.

சனிக்கிழமை ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் வேலை. ஒன்பதாவது மாடிக்கு நேரே நிறுத்திய பெட்டியின் தலைமேல் நின்று, கையில் விளக்கோடு கம்பிவடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்கிறவன் மேலே இயந்திர அறையில் இருந்தான். அவனை எல்லோரும் ஸ்பானர் என்பார்கள். தேடும்போது கிடைக்கமாட்டான் என்பதால். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் எப்போதும் ஒரு காற்று உண்டு. அடியில் குளிர்ந்து, மேலே போகப் போக வெதுவெதுப்பாகி, ஏதோ பெரிய மிருகத்தின் தொண்டைக்குள் நிற்பதுபோல இருக்கும். அந்தக் காற்றோடு கீழேயிருந்து ஒரு விசில் ஏறி வந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு மாடியாக. நடுவில் தயங்கி, ஒன்று பின்வாங்கி, மறுபடி ஏறி. அவன் பாதங்களுக்கு அடியில், பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டதுபோல ஏழாவதில் நின்றது.

"டேய் ஸ்பானர், விசிலடிக்காத. வடத்தோட சத்தம் கேக்கணும்."

மேலே ஏதோ இரும்பு விழுந்து உருண்டது. "அண்ணே, வாயில நாலு போல்ட்ட கவ்விக்கிட்டு நின்னேன். இப்ப உங்களுக்குப் பதில் சொல்லத்தான் துப்பியிருக்கேன். இதுல விசில் வேறயா?"

விளக்கைக் கீழே அடித்துப் பார்த்தான். சுவரும் எண்ணெய்க் கறையும் இருட்டும். உதடு காய்ந்து எரிந்தது. நக்கிக்கொள்ள நாக்கை நீட்டியபோதுதான் தன் உதடுகள் குவிந்திருப்பதை உணர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வந்தார்கள். அவன் தரையைத் துடைத்து, விரிப்பு மாற்றி, அலமாரிக் கதவுகளையெல்லாம் தானே திறந்து வைத்திருந்தான்; அவள் தேடிப் பார்க்கத்தான் செய்வாள், கதவைத் திறக்கிற சங்கடமாவது இல்லாமல் இருக்கட்டுமென்று. மனைவி பையை வாசல் ஓரமாகவே வைத்தாள். அதன் கைப்பிடியை மடக்காமல் நிமிர்த்தி வைத்ததை அவன் கவனித்தான். திறந்த அலமாரிகளை ஒருமுறை பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். "எல்லாத்தையும் காயப் போட்டிருக்கீங்களா?" என்றாள். அவள் அவனிடம் கேலி பேசி ஒரு வருடம் இருக்கும்.

மகள் நேராகக் கிளாரினெட் பெட்டியிடம் போய் உட்கார்ந்தாள். "இதான் அந்த ஊதலா? ஊது பார்ப்போம்."

பாடத்தை வாசித்தான். நடுவில் ஓரிடத்தில் கீச்சிட்டது.

"ஐயே, வாத்து மிதிபட்ட மாதிரி இருக்கு!" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேசைமேல் கண்ணாடி ஜாடியில் அவர்களுக்கென்று தண்ணீர் வைத்திருந்தான். பக்கத்தில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். வெயில் அவற்றின் வழியாக விழுந்து மேசைமேல் ஆடியது. இந்த வீட்டில் இதைவிட நல்ல அரை மணி நேரம் இதற்கு முன் நடந்திருக்கிறதா என்று அவன் யோசித்தான்.

"பாட்டு எதுவும் தெரியாதாப்பா?"

தெரிந்தது ஒன்றுதான். நடுங்காமல், கீச்சிடாமல் வருவதும் அது ஒன்றுதான். மகளுக்கு முன்னால் ஒரு தடவையாவது நன்றாக வாசித்துவிட வேண்டும் என்ற ஆசையில் மற்றதெல்லாம் மறந்துபோனது. வாசித்தான்.

மூன்றாவது சுரத்தில் மகள் எழுந்தாள். முகத்தில் பயம் இல்லை. பல் தேய்க்கப் போகிற முகம்தான். ஜன்னல் திரையை இழுத்தாள். விளக்கை அணைத்தாள். வாசலில் கிடந்த தன் செருப்பையும் அம்மாவின் செருப்பையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். மனைவி அதற்குள் ஜாடியையும் தம்ளர்களையும் எடுத்து, ஒரு சத்தம் எழாமல், அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அடுப்படிக் கத்தியையும் எடுத்துவந்து அங்கேயே செருகினாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. பல நாள் பழகிய வேலை. ஏழாவது சுரம் நின்றபோது குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. சுவருக்கு அப்பால் அக்காவின் தாழ்ப்பாளும்.

"என்ன... என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

மனைவி அலமாரிக்குள் நீட்டிய தன் கையை அப்போதுதான் பார்த்தாள். மெதுவாக வெளியே எடுத்தாள். "இத எங்க புடிச்சீங்க?" என்றாள். குரல் வேறாக இருந்தது.

"எத?"

"இந்தப் பாட்ட."

"தெரியல. தானா வந்துச்சு."

"தினமும் கீழ்ப்படியில கால் வைக்கும்போதே ஆரம்பிப்பீங்க. விசில். நாலு மாடிக்கும் கேக்கும். மெதுவாத்தான் ஏறுவீங்க, நடுவுல ரெண்டாவது மாடியில ஒரு தடவ தடுமாறுவீங்க. நீங்க மேல வர்றதுக்குள்ள எங்க வேலைய முடிச்சிடுவோம்."

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டு அக்காவா? விசில் இல்லாம வந்தா அன்னைக்கு நல்ல நாள். விசில் கேட்டா..." அவள் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கதவைத் திறந்ததும் எதிரே நின்ற இருட்டுதான். ஓர் ஆள் நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறான், விளக்கைக்கூடப் போட்டு வைக்காமல், ஒரு வாய்த் தண்ணீர்கூட எடுத்து வைக்காமல், எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று அந்த இருட்டைப் பார்த்து அவனுக்குச் சுர்ரென்று ஏறும். ஒவ்வொரு நாளும் அங்கேயிருந்துதான் தொடங்கும். சந்தோஷமாகத்தான் படியேறியிருக்கிறான் போலிருக்கிறது. விசிலடித்துக்கொண்டு. வீட்டுக்குப் போகிறோம் என்று.

குளியலறைக்குள்ளிருந்து மகளின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அம்மா... ஏழும் ஊதியாச்சு. இன்னும் சாவி சத்தம் கேக்கல."

"அப்பா உள்ளதான் இருக்கேன்மா" என்றான். "கதவத் திற."

உள்ளே தாழ்ப்பாள் பாதி நகர்ந்து, மறுபடி பழைய இடத்துக்கே போனது.

"நீ உள்ள இருக்க. தெரியும்." அவள் யோசித்து யோசித்துப் பேசினாள். "அப்ப வெளிய யாரு?"

மனைவி வாசல் கதவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். திரை இழுத்த அறையில் கதவுக்கடியில் மட்டும் படிக்கட்டின் வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டின் நடுவில் இரண்டு இடத்தில் இருட்டாக இருந்தது, இரண்டு கால்கள் நிற்கிற அகலத்தில். மச்சானாக இருக்கலாம். அரை மணி நேரம் ஆகிவிட்டது என்று மேலே வந்திருக்கலாம். ஆனால் மச்சான் ஒருநாளும் மேலே வந்ததில்லை. வந்தாலும் கதவைத் தட்டுகிற ஆள்தான். அந்தக் கால்கள் தட்டவில்லை. போகவும் இல்லை. யாரும் எழுந்துபோய்க் கதவைத் திறக்கவுமில்லை. மனைவி பையின் நிமிர்ந்த கைப்பிடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தூக்குவதற்கா, அது விழுந்துவிடாமல் இருப்பதற்கா என்று தெரியவில்லை.

அவன் குளியலறைக் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தான். "பாப்பா, ஏழோட அது முடியல. இன்னும் ஒண்ணு இருக்கு. அப்பாவுக்கு அது இன்னும் சரியா வராது."

"வாத்து மாதிரி கத்துமா?"

"கத்தலாம்."

உள்ளே செருப்புகள் தரையில் வைக்கப்படும் சத்தம். "சாவிக்கு முன்னாடி வாசிப்பியா?"

"முன்னாடிதான்."

"சரி, வாசி."

பட்டை காய்ந்திருந்தது. அதை நாக்கில் வைத்து ஊற வைத்தான். கட்டடத்தில் எந்த மிஷினும் ஓடவில்லை, யாரும் எதையும் ஒப்பிக்கவில்லை. முதல் சுரத்தை ஊதினான். பிறகு ஒவ்வொரு படியாக, எப்போதும் ஏறுகிற அதே நிதானத்தில். தயங்குகிற இடத்தில் தயங்கியது. ஏழாவதில் வந்து நின்றான். நிறுத்தாமல் மூச்சைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தான். அந்தச் சுரம் அறையில் நீண்டுகொண்டே போனது. விரல்கள் காற்றில் தூக்கி நின்றன. இப்போது அவை நடுங்கின, ஒவ்வொன்றும் அதனதன் துளைக்கு மேலே. கதவுக்கடியில் அந்த நிழல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. குளியலறைக் கதவின் அடியிலும் சின்னதாக இரண்டு நிழல்கள் நெருங்கி வந்து நின்றன. நெஞ்சில் இன்னும் ஒரு சுரத்துக்கு மட்டும் மூச்சு மிச்சமிருந்தது. அவன் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லா விரல்களையும் ஒன்றாக இறக்கினான்.